சோறூட்டும் அச்சம்: மழலைப் பருவத்துப் பொய்யச்சம் பற்றிய ஓர் அறவினா

குழந்தையின் உணர்ச்சி வளர்ச்சி பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் உளவியலாரிடமும் மருத்துவரிடமும் விடப்பட்டுள்ளது. இலக்கியம் பயில்வோர் பிள்ளைத்தமிழின் பருவங்களை எண்ணிக் காட்டுவதோடும் தாலாட்டுகளைத் தொகுத்துப் பதிப்பிப்பதோடும் அமைந்துவிடுகின்றனர். ஆனால் உணர்ச்சிகளை வகைப்படுத்தி, அவை எவ்வெவற்றை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கின்றன என ஆராய்ந்த ஓர் இயலைத் தன் தொல்பழம் இலக்கண நூலுள்ளேயே கொண்ட மொழி தமிழ். அம்மொழியைப் பயில்வோர், ஒரு குழந்தைக்கு அச்சம் எவ்வாறு வந்து சேர்கிறது என்பது பற்றி வாய் திறவாதிருத்தல் பொருந்தாது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா சிறியது. உண்ண மறுக்கும், உறங்க மறுக்கும், அழுகையை நிறுத்த மறுக்கும் குழந்தையிடம் இல்லாத ஒன்றைக் காட்டி அச்சுறுத்தி, அதனை வழிக்குக் கொண்டுவருதல் நம் இல்லங்களில் நெடுங்கால வழக்கு. அச்செயலின் நோக்கம் குழந்தையின் நன்மை, கருவி பொய், விளைவு அச்சம். நன்மை கருதிக் குழந்தைக்குப் பொய்யச்சம் ஊட்டுதல் அறமாகுமா?

இவ்வினா நூலகத்தில் தோன்றியதன்று. மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பூச்சாண்டியின் இடத்தைக் கன்னட நாட்டுக் 'கும்மன்' பிடித்துக்கொண்டுள்ளான். இக்கட்டுரையாளரின் மகளுக்கு அப்போது மூன்று வயது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுபவள். ஒருநாள் இரவு, கிண்ணத்தில் நான்கு வாய்ச் சோறு மிஞ்சியிருக்க, அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். மறுநாள் வகுப்புக்குரிய குறிப்புகள் எழுதப்படாமல் கிடந்தன. பின்கட்டு அறையைச் சுட்டிக்காட்டி, "கும்மன் வந்துவிடுவான்" என்றேன். அவள் அழவில்லை. சிறிது எண்ணிப் பார்த்துவிட்டு, "கும்மனுக்குத் தமிழ் தெரியுமா அப்பா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். நான்கு வாயும் உள்ளே சென்றன.

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவளுக்குத் தமிழ் பேசும் வீடு என்ற ஒரு புகலிடமாவது எஞ்சியிருக்கும். அதையும் அடைத்துவிட்டேன் என்பது சில நாள்கள் கழித்தே விளங்கியது. விளக்கு வைத்தபின் அவள் பின்கட்டுப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தாள்.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்று கூறுகிறது. அச்சத்திற்கு அது காட்டும் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. இவ்வியல் செய்யுளுள் வளர்ந்தோரின் உணர்ச்சி புலப்படும் நெறி பற்றியது. குழந்தை வளர்ப்புப் பற்றியதன்று. எனினும், நம் இல்லங்களில் குழந்தைக்குக் காட்டப்பெறும் அச்சங்களை ஒரு தாளில் எழுதி இந்நான்கனோடு ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சும். பேய், பூதம், முனி, பூச்சாண்டி, கும்மன் ஆகியவை அணங்கின்பாற்படும். நாய் வரும், பூனை கடிக்கும், புலி தூக்கிப் போய்விடும் என்பன விலங்கு. பிள்ளை பிடிக்கிறவன் கோணிக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு போவான் என்பது கள்வர். போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன், டாக்டர் ஊசி போடுவார், அப்பா வரட்டும் என்பன தம் இறை. இந்நான்கனுள் அடங்காத ஐந்தாவது ஓர் அச்சுறுத்தலைத் தேடிப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கிறது. அதனை அடுத்த பகுதியில் காண்போம்.

இப்பொருத்தம் தற்செயலானதன்று எனத் தோன்றுகிறது. பேரொலி, பிடி நழுவி விழுதல், ஏறத்தாழ எட்டாம் மாதம் முதல் அறியாத முகம், பெற்றோர் கண்ணுக்கு மறைதல் ஆகியவை குழந்தையின் முதலாண்டு அச்சங்கள் என உளவியலார் கூறுவர். பேயும் கள்வரும் காவலரும் அப்பட்டியலில் இல்லை. அவை நம்முடையவை. வளர்ந்தோர் தமக்குரிய அச்சங்களை ஆடையை வெட்டிச் சிறிதாக்கித் தைப்பதுபோல் குழந்தையின் அளவுக்குத் தைத்து அணிவிக்கின்றனர். ஆகவேதான் இலக்கண நூலின் பட்டியலும் சமையலறையின் பட்டியலும் ஒத்துப்போகின்றன.

நான்காம் களனில் 'தம்' என்னும் அடை கூர்ந்து நோக்கத்தக்கது. அணங்கும் விலங்கும் கள்வரும் புறத்தேயிருந்து வருபவர். இறை ஒருவனே தமக்கு உரியவன், காக்கக் கடமைப்பட்டவன். காப்பவனே அச்சத்தின் களனாதல் மற்ற மூன்றினும் வேறுபட்ட நிலை. இறை என்பது அரசனையே முதலில் குறிக்கும் எனினும், ஒருவர்மேல் உரிமையும் ஆற்றலும் உடையார் அனைவரையும் அச்சொல் தழுவும் எனக் கொள்வதில் தவறில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு அவ்விறை யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காவலர் அழைப்பதுபோல் பொய்யழைப்பு வரவழைத்துக் குழந்தையை அடக்கும் கைப்பேசிச் செயலிகளும் இன்று உள்ளன. தொல்காப்பியரின் நான்காம் களன் மின்கலத்தில் இயங்குகிறது.

இழவு காட்டுதல்

நான்கனுள் அடங்காத அச்சுறுத்தல், "உன்னை விட்டுவிட்டுப் போய்விடுவேன்" என்பது. மெய்ப்பாட்டியல் நோக்கில் இதன் இடம் அச்சமன்று, அழுகை. அழுகையின் களன்களாக அவ்வியல் கூறும் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கனுள் இழவு என்பது உரியோரையும் உரியவற்றையும் இழத்தல். ஜான் பௌல்பி 1973இல் வெளியிட்ட பிரிவு பற்றிய நூலில், கைவிட்டுவிடுவதாகப் பெற்றோர் அச்சுறுத்துதல் குழந்தையின் பற்றினைப் பதற்றம் மிக்கதாக்கும் எனப் பல சான்றுகளுடன் வாதிட்டார். பிரிவே நிகழாதபோதும் பிரிவின் சொல் அவ்வேலையைச் செய்துவிடும் என்பது அவர் கருத்தின் சாரம்.

தமிழில் இதற்கு ஒரு விளையாட்டு வடிவம் உண்டு. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று அண்ணன்மாரும் அத்தைமாரும் இளங்குழந்தையைச் சீண்டுவர். குழந்தை உதடு பிதுங்கி அழும்வரை அது தொடரும். இத்தொடரின் பிறப்பிடம் வேறு. பிறந்த பிள்ளைகள் தொடர்ந்து இறந்த குடும்பங்களில், அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தியோ பிறரிடம் கொடுத்தோ, பின் பிடி தவிட்டுக்கு விலைக்கு வாங்குவதுபோல் பாவித்து எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. குப்பு, பிச்சை முதலிய பெயர்கள் இதன் எச்சங்கள். இப்பிள்ளை எமக்குரியதன்று, விலை மதிப்பில்லாதது என்று கூற்றுவனை ஏமாற்றுவதே அதன் உட்கிடை. அஃதாவது, அந்தப் பொய் எமனிடம் சொல்லப்பட்டது. பிள்ளைகள் பிழைத்து வளரும் காலம் வந்தபின், அதே பொய்யைப் பிள்ளையிடமே சொல்லத் தொடங்கினோம். காக்கப் பிறந்த சொல் சீண்டும் சொல்லாய் மாறிய வரலாறு இது.

முகத்தைப் படித்தல்

அச்சம் முற்றிலும் தீயது என்று இக்கட்டுரை கூறவில்லை. அஞ்சத்தக்கதை அஞ்சுதல் அறிவுடையார் தொழில் என்பது வள்ளுவர் கருத்து (குறள் 428). கொதிக்கும் பானையையும், வண்டிகள் விரையும் தெருவையும், திறந்த கிணற்றையும் அஞ்சாத குழந்தை பிழைத்தல் அரிது. கடினமான வழக்கும் இங்குதான் எழுகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆழம் என்றால் என்னவென்று விளக்க முடியாது. கிணற்றுள் பூதம் இருக்கிறது என்றால் அது விலகி நிற்கும். பூதத்தால் ஓர் உயிர் காக்கப்படுமாயின் அப்பொய் குற்றமாகுமா?

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என்ற குறள் (292) இங்கு உடனே நினைவுக்கு வரும். பிள்ளைகளை அச்சுறுத்துவோர் அதனை மேற்கோளாக்குவதும் உண்டு. ஆனால் பரிமேலழகர் அக்குறளுக்குக் கொள்ளும் சூழல் எளியதன்று. கேடோ சாக்காடோ எய்த நின்ற ஓர் உயிர் அப்பொய்யினால் அதனின்று நீங்கும் நிலையை அவர் குறிக்கிறார். நான்கு வாய்ச் சோறு அந்நிலையில் சேராது. கிணறு சேரும். ஆகவே கிணற்று வழக்கில் மட்டும் குறள் துணை நிற்கும் என்று தொடக்கத்தில் நானும் கருதினேன்.

பின்னர் அக்கருத்தை மாற்றிக்கொள்ளச் செய்தது ஓர் ஆய்வு. ஜேம்ஸ் சோர்ஸ் முதலியோர் 1985இல் வெளியிட்ட அவ்வாய்வில், ஓராண்டு நிரம்பிய குழந்தைகள் கண்ணாடி பதித்த மேசை ஒன்றின்மேல் தவழவிடப்பட்டனர். மேசையின் நடுவில் கண்ணாடிக்குக் கீழே ஏறத்தாழ 30 செ.மீ. பள்ளம் தோன்றும். போகலாமா கூடாதா என ஐயுறும் அளவே ஆழம். குழந்தை பள்ளத்தின் விளிம்பில் நின்று எதிரேயிருக்கும் தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் மகிழ்ச்சி முகம் காட்டியபோது 19 குழந்தைகளுள் 14 கடந்து சென்றன. அச்சமுகம் காட்டியபோது 17 குழந்தைகளுள் ஒன்றுகூடக் கடக்கவில்லை.

ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பேசத் தெரியாத பருவத்திலேயே குழந்தை தாயின் முகத்தை ஒரு நூலைப்போல் படிக்கிறது. படித்ததை உண்மை என நம்பி உடலை நகர்த்துகிறது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் புலப்படுதல் என்றால், அதன் முதல் வாசகர் கைக்குழந்தையே எனலாம். கிணற்றருகே நிற்கும் தாயின் முகத்தில் உண்மையான அச்சம் தானே தோன்றும். பூதத்தின் துணை அங்குத் தேவையில்லை. தாய்க்கு அஞ்சும் காரணம் இல்லாத இடத்தில்தான், அஃதாவது சோற்றுக் கிண்ணத்தின் அருகில்தான், பூதம் தேவைப்படுகிறது.

எனவே பொய்யச்சத்தின் குற்றம் அது அச்சம் தருகிறது என்பதில் மட்டும் இல்லை. குழந்தையிடம் உள்ள ஒரே ஏட்டில் இடைச்செருகல் செய்கிறோம் என்பதில் இருக்கிறது. பாடபேதங்களை ஆராய்வோர் வேறெவரினும் இக்குற்றத்தின் தன்மையை நன்குணர்வர்: ஒரு செருகல் அகப்பட்டால் பிற பாட்டுகளின்மீதும் ஐயம் விழும். ஆனால் குழந்தையிடம் ஒப்புநோக்க வேறு சுவடி இல்லை.

கும்மனும் அப்பூச்சியும்

மேலைநாட்டு உளவியலின் அளவுகோலால் நம் வளர்ப்பு முறையை அளக்கலாமா என்று கேட்போர் உளர். அவ்வினாவில் நியாயம் உண்டு. தமிழ்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து மார்கரெட் டிராவிக் எழுதி 1990இல் வெளிவந்த நூல், அன்பின் இயல்புகளுள் அடக்கம், பழக்கம் முதலியவற்றோடு கடுமையையும் ஒன்றாகக் காட்டுகிறது. நம் தாயர் அன்பை மறைப்பர். கண்ணேறு கருதிக் குழந்தையைப் புகழமாட்டார். கடிந்து பேசுவதையே அன்பின் மொழியாகக் கொள்வர். அம்மொழியறியாதார் அதனைக் கொடுமை எனப் பிழைபட உணரக்கூடும். ஆகவே நம் மரபையே கேட்டுப் பார்த்தல் நன்று.

கன்னட மரபில் 16ஆம் நூற்றாண்டினரான புரந்தரதாசரின் புகழ்பெற்ற கீர்த்தனை ஒன்றில், கும்மனை அழைக்க வேண்டாமென்று குழந்தைக் கண்ணன் யசோதையிடம் இறைஞ்சுகிறான். சும்மா இருப்பேன், பால் கேட்கமாட்டேன், சோறு உண்பேன், அழமாட்டேன் என்று வாக்குறுதிகளை அடுக்குகிறான். உலகங்களை வயிற்றில் அடக்கியவன் கும்மனுக்கு அஞ்சுகிறான் என்பதே அதன் சுவை, மேடைதோறும் அது பாடப்பெறுகிறது, கேட்போர் சிரிக்கின்றனர். தாயும் இறுதியில் சிரித்து அணைத்துக்கொள்கிறாள். ஆனால் கடவுள் என்பதை நீக்கிவிட்டுக் குழந்தையின் சொற்களை மட்டும் தனியே எடுத்துப் படித்தால், அப்பட்டியல் வேறுவிதமாக ஒலிக்கும். குழந்தை தன் பசியையும் அழுகையையும் விளையாட்டையும் ஒவ்வொன்றாகப் பணயம் வைக்கிறது. அச்சுறுத்துபவள் யாரோ அவளிடமே அடைக்கலமும் கேட்கிறது. பெற்றோரே அச்சத்தின் ஊற்றாகவும் அதன் தீர்வாகவும் ஒருங்கே அமைந்தால் குழந்தைக்கு ஓட இடமில்லாது போகும் என்பது மேரி மெயின், எரிக் ஹெஸ் ஆகியோர் 1990இல் முன்வைத்த கருத்து. அவர்கள் ஆராய்ந்தவை கும்மனினும் கொடிய சூழல்கள் என்பதை மறக்கலாகாது. எனினும், அச்சிக்கலின் வடிவத்தைத் தாசர் குழந்தையின் வாய்மொழியாகவே பாடிவைத்தார் என்பது வியப்புக்குரியது.

தமிழில் நிலைமை தலைகீழானது. பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்து அப்பூச்சி காட்டுதலோடு தொடங்குகிறது. அங்கே அச்சுறுத்துபவன் குழந்தைக் கண்ணன், அஞ்சுவோர் ஆயர்மகளிர். அச்சுறுத்தும் உரிமை குழந்தையின் கையில் இருக்கிறது. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களும் கையாளப்படும். அச்சுறுத்தலும் அங்கே உண்டு. ஆனால் அச்சுறுத்தப்படுவது நிலவு; வராவிட்டால் என்ன நேரும் என்று தாய் நிலவை நோக்கி மிரட்டுகிறாள்; குழந்தை அவள் இடுப்பில் இருந்தபடி அதைக் கேட்கிறது. ஆற்றல் மிக்கோர் தன் பக்கம் இருக்கின்றனர் என்பதே அது கற்கும் பாடம்.

இவற்றினும் வலிய சான்று காப்புப் பருவம். குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை அழைக்கும் முதற்பருவம் அது. அங்கு அழைக்கப்பெறும் தெய்வங்களின் கொலைத் தொழிலைப் பாடலாகாது என்பது பாட்டியல் நூல்கள் வகுத்த விதி. அசுரரை அழித்த வீரம் அத்தெய்வத்தின் பெரும்புகழாயினும், தொட்டிலருகே வரும்போது அதனை வெளியே விட்டு வர வேண்டும். நூறு வகையில் புகழ விரும்பும் புலவனின் கையைக் கட்டும் விதி இது. மங்கலம் கருதியது என்று மட்டும் சொல்லி இதனைக் கடந்துவிடுகிறோம். அவ்விளக்கம் போதாது என்பது என் கருத்து. காக்க வருவோர் முகத்தில் அச்சத்தின் சாயலும் இருத்தலாகாது என்ற ஓர் அறவுணர்வு இவ்விதியின் அடியில் இருக்கிறது. 'தம் இறை' என்னும் நான்காம் களனைத் தொட்டிலிலிருந்து விலக்கி வைத்த விதி இது எனலாம். தமிழர் தம் செவ்விலக்கியத்தில் விலக்கியதைச் சமையலறையில் ஏற்றுக்கொண்டது எங்ஙனம் என்பது தனியே ஆராயத்தக்கது.

விளையாட்டு அச்சம் வேறு என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். போர்வைக்குள் புகுந்து மாமன் புலிபோல் உறுமும்போது குழந்தை அலறும். அலறி முடித்து, மறுபடியும் உறுமச் சொல்லும். பேய்க்கதை சொல்லுமாறு நச்சரிக்கும் பிள்ளைகளை அறியாதார் யார்? நிறுத்தென்று குழந்தை சொன்னால் நின்றுவிடும் அச்சம் அப்பூச்சியின் வழிவந்தது. குழந்தையை நிறுத்துவதற்காகக் கொண்டுவரப்படும் அச்சம் கும்மனின் வழிவந்தது. இரண்டிலும் அதே முகமூடி இருக்கலாம்.

அச்சுறுத்தப் பயன்பட்டோர்

இதுவரை கூறியது குழந்தைக்கும் பெற்றோர்க்கும் இடையிலான வழக்கு. இவ்வழக்கில் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

பூச்சாண்டி என்பதனைப் பூச்சு, ஆண்டி எனப் பிரித்து, நீறு பூசிய ஆண்டி எனப் பொருள் கொள்வாரும் உளர். அவ்விளக்கம் சரியாயின் அணங்கு என்று நாம் கருதியது முதலில் ஒரு மனிதர். தெருவில் இரந்து செல்பவர். குடுகுடுப்பைக்காரர், பூம்பூம் மாட்டுக்காரர், ஊசிமணி பாசிமணி விற்போர், தாடி வளர்த்த வழிப்போக்கர், தெருவோரம் தமக்குத் தாமே பேசிக்கொண்டு திரிவோர் என இல்லத்துள் நுழைய இடமில்லாத அனைவரும் குழந்தைக்குச் சோறூட்டக் கடன் வாங்கப்பட்டனர். அவர்கள் கேட்கும்படியாகவே அது சொல்லப்பட்டது. இளமையில் எங்கள் தெருவில் குடுகுடுப்பை ஒலித்தவுடன் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கதவிடுக்கில் ஒளிந்துகொள்வோம். அம்மனிதர் எங்களைக் கண்டால் சிரிக்க முயல்வார். அச்சிரிப்பே எங்களுக்குச் சான்றாகப்பட்டது.

அரசும் இதனையே செய்தது. 1871இல் இயற்றப்பட்டுப் பின் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம், அலைந்து வாழும் குடிகள் பலவற்றைப் பிறப்பாலேயே கள்வர் என எழுதிவைத்தது. நாடு முழுவதற்கும் அது நீக்கப்பட்டது 1952இல். சமையலறைச் சட்டம் நீக்கப்படவில்லை.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினரோடு சென்ற முதிய பெண்மணி ஒருவர் வழியில் கண்ட சிறுவர்க்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என ஐயுற்ற கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் மகாராட்டிரத்தின் துளே மாவட்டத்து ரைன்பாடாவில் ஐவர் அவ்வாறே கொல்லப்பட்டனர். அவர்கள் இரந்து வாழும் நாடோடிக் குடியைச் சேர்ந்தவர்கள், சொல்லப்போனால், ஆண்டிகள். இரு வாரம் கழிவதற்குள் இதே கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில், பள்ளிச் சிறுவர்க்குச் சாக்லேட் கொடுத்த ஐதராபாத்துப் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். உடன் சென்றோர் காயமுற்றனர். எல்லா இடங்களிலும் வாட்சப் வழிப் பரவிய பிள்ளைக் கடத்தல் வதந்திகளே உடனடிக் காரணம்.

கைப்பேசியைக் குறை கூறி இதனை முடித்துக்கொள்வது எளிது. சோறூட்டும்போது சொல்லப்படும் ஒரு பொய்யே கொலையில் முடிந்தது என்று சொல்வதும் மிகையாகும். அத்தகைய நேர்க்கோட்டினை வரைய எனக்குச் சான்றில்லை. ஆனால் அவ்வதந்தி புதிதாக ஒன்றையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை என்பதை மறுப்பது கடினம். கோணியோடு வரும் அயலானை அக்கூட்டத்தில் இருந்தோர் அனைவரும் மூன்று வயது முதலே அறிவர். இனிப்புக் கொடுப்பவனே பிடிப்பவன் என்பதும் அப்போதே கற்றது. பிளேட்டோ தம் குடியரசின் இரண்டாம் பகுதியில், தெய்வங்கள் அயலார் உருவில் இரவில் அலைகின்றன என்று கூறித் தாய்மார் குழந்தைகளை அச்சுறுத்தலாகாது எனத் தடுக்கிறார். தெய்வத்தை இழித்துரைப்பதும் குழந்தையைக் கோழையாக்குவதும் அவர் காட்டும் குற்றங்கள். 1693இல் கல்வி பற்றி எழுதிய ஜான் லாக்கும் பணியாளர் கூறும் பூதக்கதைகளை விலக்கச் சொன்னது குழந்தை இருளுக்கு அஞ்சும் என்பதற்காகவே. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 'அரசிளங்குமரி' (1961) படத்துக்கு எழுதிய பாடலில், மரத்துப் பேயைச் சொல்லிப் பிள்ளையின் வீரம் தளிரிலேயே கிள்ளப்படுவதைக் கண்டார். மூவரும் குழந்தைக்காகப் பேசினர். அயலாருக்காக அவருள் ஒருவரும் பேசவில்லை.

இல்லாத பூதத்தைக் காட்டும்போது ஏமாற்றப்படுவது குழந்தை மட்டும். இருக்கும் மனிதரைக் காட்டும்போது, அவர் அறியாமலே அவர்மேல் ஒரு தீர்ப்பு எழுதப்படுகிறது. என் கும்மன் முன்னவன் என்று ஆறுதல் கொள்ள முயன்றேன். கும்மனின் முகம் எப்படியிருக்கும் என்று மகளிடம் கேட்டபோது, எங்கள் தெருவில் பழைய துணி வாங்க வருபவரைச் சொன்னாள்.

சோறும் முயலும்

கர்நாடகத்தில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பெற்றது மைசூர் மாவட்டத்து தி.நரசிபுரத்தில், 1975 அக்டோபர் 2ஆம் நாளில். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு ஆற்றல், இவ்வளவு புரதம் என்று அளந்து ஊட்ட அரசு அன்று முதல் முனைந்தது. பசியால் பிள்ளைகள் இறந்த நாட்டில் அது பெரும்பணி. எங்கள் தலைமுறைத் தாய் தந்தையர் எடை அட்டையைக் கண்டு கலங்குவதன் வேர் அங்கும் இருக்கிறது. நான்கு வாய்ச் சோற்றுக்காகப் பூதத்தை அழைப்பவர் கொடியவர் அல்லர், அஞ்சுபவர். குழந்தையின் அச்சத்துக்கு முன்னதாக ஊட்டுபவரின் அச்சம் இருக்கிறது.

ஆனால் ஊட்டுதலுக்கு வேறு வழிகளும் இவ்வூரில் இருந்தன. 1929இல் மைசூரில் பிறந்த ஏ.கே.இராமானுசன், தம் இளமையில் மாடியில் தந்தையின் ஆங்கிலமும், கீழே தாயின் தமிழும், தெருவில் கன்னடமும் வழங்கியதைப் பதிவு செய்துள்ளார். பிள்ளைகள் உறங்கிவிடாமல் உண்ணும்பொருட்டுப் பாட்டி போன்ற மூத்த பெண்டிர் சோற்றை உருட்டிக் கொடுத்தபடியே கதை சொல்லுவர் என்றும், தாம் பின்னாளில் ஆராய்ந்த நாட்டுப்புறக் கதைகளை முதலில் கேட்டது அவ்வாறே என்றும் எழுதினார். அக்கதைகளில் அரக்கரும் உண்டு. ஆனால் அவ்வரக்கர் பின்கட்டில் நின்று குழந்தை உண்கிறதா எனப் பார்ப்பதில்லை. இன்னும் பின்னே சென்றால், புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் குழந்தை, நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழந்தும் உடம்பெல்லாம் பூசியும் தானே உண்கிறது. அங்கே எவரும் அதனை விரைவுபடுத்தவில்லை. எத்தனை வாய் உள்ளே போயிற்று என்று எவரும் எண்ணவுமில்லை.

உளவியல் வரலாற்றில் இதற்கு இணையாக இரண்டு சோதனைகள் உள்ளன. 1920இல் வாட்சனும் ரேய்னரும், பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொட்டபோதெல்லாம் அதன் பின்னால் இரும்புத் தண்டினை ஓங்கி அடித்து, எலியைக் கண்டாலே அழுமாறு பழக்கினர். அவ்வச்சம் முயலுக்கும் நாய்க்கும் மென்மயிர் மேலங்கிக்கும் பரவியது. அதனை நீக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டனர். அறிவியலின் பெயரால் செய்யப்பட்ட பூச்சாண்டி அது. நான்காண்டு கழித்து, 1924இல், மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண் ஆய்வாளர் முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனை எடுத்துக்கொண்டார். அவன் தனக்கு விருப்பமான தின்பண்டத்தை உண்ணும்போது முயலைக் கூண்டோடு அறையின் கோடியில் வைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே நகர்த்தினார். முடிவில் அவன் ஒரு கையால் தின்றுகொண்டே மறுகையால் முயலைத் தடவினான். நாம் அச்சத்தால் சோறூட்டுகிறோம். அவர் சோற்றால் அச்சம் நீக்கினார்.

இரண்டு மாதம் அவர் வழியைப் பின்பற்ற வேண்டியதாயிற்று. கும்மன் பற்றி அப்பா சொன்னது பொய் என்று முதலில் மகளிடம் சொன்னேன். அவள் அதை நம்பவில்லை. முன்னது பொய்யா இப்போது சொல்வது பொய்யா என்று அறிய அவளுக்கு வழியில்லை. ஆகவே ஒவ்வோர் இரவும் சோற்றுக் கிண்ணத்தோடு பின்கட்டு வாயிலை நோக்கி ஓர் அடி முன்னே அமர்ந்தோம். துணி வாங்க வருபவரிடம் அவளையே பழைய சட்டைகளைக் கொடுக்கச் செய்தேன். அவர் அவள் பெயரைக் கேட்டார். கன்னடத்தில் கேட்டதற்கு அவள் தமிழில் விடை கூறினாள். இப்போது பின்கட்டு அறைக்குள்ளேயே அமர்ந்து உண்கிறாள். கும்மன் எங்கே என்றால், அவனுக்குப் பசி, அவங்க அம்மாவிடம் சாப்பிடப் போயிருக்கிறான் என்கிறாள்.